தாத்தா எந்த நாட்டுக்காரர்? வேர்களைத் தேட உதவும் கம்ப்யூட்டர்

உங்கள் தாத்தாவின் பெயர் என்ன? உடனே சொல்லிவிடுவீர்கள். அவருடைய அப்பா பெயர்? கொஞ்சம் யோசித்துச் சொல்வீர்கள். அதற்கும் முந்தைய பூட்டன் பெயர்? பெரும்பாலானோர் இங்கேயே நின்றுவிடுவோம். ஆனாலும் “எங்கள் பூர்வீகம் இந்த ஊர்” என்று மட்டும் அடித்துச் சொல்வோம். குலதெய்வக் கோயில் எங்கே இருக்கிறதோ அதுதான் நம் ஊர்.

அமெரிக்கா போன்ற நாடுகளில் குடியேறியவர்களின் வாரிசுகளுக்கு இந்த வசதி இல்லை. “எங்கள் தாத்தா கப்பலில் வந்தார்” என்பது தெரியும். எந்த ஊரிலிருந்து என்று கேட்டால் உதட்டைப் பிதுக்குவார்கள். எந்த நாட்டிலிருந்து என்று கேட்டால் அப்பா ஒரு பதில் சொல்வார், அத்தை ஒரு பதில் சொல்வார். பழைய காகிதங்களை எடுத்துப் பார்த்தால் ஒன்றில் ஆஸ்திரியா, இன்னொன்றில் போலந்து, மூன்றாவதில் ரஷ்யா! தாத்தா பொய் சொன்னாரா? இல்லை. அப்படியானால் எது உண்மை?

இந்தப் புதிரை வீட்டுக் கம்ப்யூட்டரும் இன்டர்நெட் இணைப்பும் வைத்துக்கொண்டு எப்படி அவிழ்க்கிறார்கள் என்பதைத்தான் இந்தக் கட்டுரையில் பார்க்கப் போகிறோம். கம்ப்யூட்டர் வாங்கிப் படம் பார்ப்பதோடும் பாட்டு கேட்பதோடும் நின்றுவிட்டவர்களுக்கு இது ஒரு நல்ல பயிற்சி. தேடுவது, சேமிப்பது, அட்டவணை போடுவது, பேக்கப் எடுப்பது எல்லாம் இதில் ஒருசேர வந்துவிடும்.

ஏன் இந்தக் குழப்பம்?

மனிதர்கள் நகர்வதைப் போலவே எல்லைக் கோடுகளும் நகர்கின்றன. இதுதான் காரணம்.

கலீசியா என்ற பகுதியை எடுத்துக்கொள்வோம். 1772இல் போலந்திடமிருந்து ஆஸ்திரியா இதைப் பிடுங்கிக்கொண்டது. 1795இல் போலந்து என்ற நாடே வரைபடத்திலிருந்து மறைந்தது. 1918இல்தான் அது மீண்டும் பிறந்தது. முதல் உலகப் போருக்குப் பின் கலீசியா போலந்தின் கைக்கு வந்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் அதன் கிழக்குப் பாதி சோவியத் யூனியனுக்குப் போனது. 1991 முதல் அந்தப் பாதி உக்ரைனில் இருக்கிறது. அங்குள்ள பெரிய நகரத்தை ஜெர்மன் மொழியில் லெம்பர்க் என்றார்கள், போலிஷ் மொழியில் ல்வூஃப், ரஷ்ய மொழியில் ல்வோவ். இன்றைய உக்ரைன் பெயர் லிவிவ். வீட்டை விட்டு நகராமல் அங்கேயே வாழ்ந்த ஒரு கிழவி மூன்று நான்கு நாடுகளின் குடிமகளாக இருந்திருப்பாள்!

எல்லோருக்கும் தெரிந்த ஒருவரைப் பார்ப்போம். சூப் டப்பாக்களை ஓவியமாக வரைந்து புகழ்பெற்ற ஆண்டி வார்ஹோல் 1928இல் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரத்தில் பிறந்தார். அவருடைய பெற்றோர் மிக்கோவா என்ற சின்னக் கிராமத்திலிருந்து வந்தவர்கள். அப்பா புறப்பட்டபோது அது ஆஸ்திரியா-ஹங்கேரி பேரரசில் ஹங்கேரியின் பங்கில் இருந்தது. அம்மா 1921இல் போய்ச் சேர்ந்தபோது அதே கிராமம் செக்கோஸ்லோவாக்கியா. 1993 முதல் ஸ்லோவாக்கியா. அவர்கள் பேசிய மொழியோ ரூசின். ரூசின் மக்களுக்கென்று தனி நாடு இல்லை. ஆக, “வார்ஹோல் குடும்பம் எந்த நாடு?” என்ற கேள்விக்கு நாலு பதில். நாலுமே சரி.

சில சமயம் விடையே கிடைக்காமலும் போகும். புகழ்பெற்ற பாடலாசிரியர் ஐர்விங் பெர்லின் 1888இல் பிறந்து, 1893இல் சிறுவனாக அமெரிக்கா வந்தார். பிறந்த ஊர் சைபீரியாவில் உள்ள டியூமென் என்று சிலரும், டோலோச்சின் என்று சிலரும் சொல்கிறார்கள். அன்றைக்கு இரண்டும் ரஷ்யப் பேரரசுதான். இன்றைக்கு ஒன்று ரஷ்யாவில், மற்றொன்று பெலாரஸில்.

எனவே முதல் பாடம் இது. “எந்த நாடு?” என்று ஒரு கேள்வியாகக் கேட்காதீர்கள். நான்காகப் பிரித்துக் கேளுங்கள். எந்த ஊரில் பிறந்தார்? அப்போது அது யார் ஆட்சியில் இருந்தது? இப்போது எந்த நாட்டில் இருக்கிறது? அவருடைய தாய்மொழியும் மதமும் என்ன? நான்குக்கும் விடை கிடைத்தால் குழப்பம் தானாகத் தீர்ந்துவிடும்.

வீட்டிலிருந்து தொடங்குங்கள்

இன்டர்நெட்டில் இறங்குவதற்கு முன் வீட்டுப் பெட்டியைத் திறங்கள். பழைய கடிதங்கள், கல்யாணப் பத்திரிகை, பைபிளின் முன்பக்கத்தில் எழுதி வைத்த பிறந்த நாள்கள், போட்டோவின் பின்பக்கம், பாஸ்போர்ட், பள்ளிச் சான்றிதழ் எல்லாவற்றையும் எடுத்து வையுங்கள். போட்டோவின் அடியில் ஸ்டூடியோ பெயரும் ஊரும் அச்சிட்டிருக்கும். அதுவே பெரிய தடயம்.

இவற்றை ஸ்கேன் செய்யுங்கள். கடிதங்களுக்கு 300 டிபிஐ போதும். சின்ன போட்டோக்களுக்கு 600 வையுங்கள். ஸ்கேனர் இல்லையென்றால் செல்போன் கேமராவே போதும். ஜன்னல் வெளிச்சத்தில், ஃப்ளாஷ் இல்லாமல், நேர் மேலிருந்து எடுங்கள். பின்பக்கத்தையும் மறக்காமல் எடுங்கள்.

ஃபைலுக்குப் பெயர் வைப்பதில் ஒரு ஒழுங்கு வேண்டும். முதலில் வருடம், பிறகு என்ன ஆவணம், பிறகு ஆளின் பெயர். “1907-கப்பல் பட்டியல்-தாத்தா” என்பது போல. இப்படி வைத்தால் ஃபோல்டரைத் திறந்ததும் வருட வரிசையில் தானாக அடுக்கி நிற்கும். கேமரா கொடுத்த எண்ணையே பெயராக விட்டுவிட்டால் ஆறு மாதம் கழித்து நீங்களே தேட வேண்டியிருக்கும்.

வீட்டில் வயதானவர்கள் இருந்தால் முதல் வேலையாக அவர்களிடம் உட்கார்ந்து பேசுங்கள். செல்போனில் பதிவு செய்துகொள்ளுங்கள். வெப்சைட் அடுத்த வருடமும் இருக்கும். அவர்கள் இருப்பார்களா என்று சொல்ல முடியாது.

ஒரே ஆள், நாலு நாடு

அமெரிக்காவில் 1790 முதல் பத்து வருடத்துக்கு ஒருமுறை மக்கள்தொகைக் கணக்கு எடுக்கிறார்கள். வீட்டில் யார் யார் இருந்தார்கள் என்ற விவரத் தாள்களை 72 வருடம் பூட்டி வைத்து, பிறகு பொதுமக்களுக்குத் திறந்துவிடுவார்கள். 1950ஆம் வருடத் தாள்கள் 2022 ஏப்ரல் 1இல் திறக்கப்பட்டன. அமெரிக்க தேசிய ஆவணக் காப்பகத்தின் வெப்சைட்டில் இலவசமாகப் பார்க்கலாம். அடுத்தது 2032இல் வரும். 1890ஆம் வருடத் தாள்கள் மட்டும் 1921இல் நடந்த தீ விபத்தால் பெரும்பாலும் அழிந்துபோயின.

இலவசமாகத் தேட இன்னொரு நல்ல இடம் ஃபேமிலி சர்ச் என்ற வெப்சைட். மோர்மன் திருச்சபையினர் 1999இல் தொடங்கியது. உலகெங்கும் எடுத்த 24 லட்சம் மைக்ரோஃபிலிம் சுருள்களை ஸ்கேன் செய்து 2021இல் முடித்தார்கள். பெயர் பதிவு செய்துகொண்டால் போதும், பணம் கட்ட வேண்டியதில்லை.

இப்போது கற்பனையாக ஒருவரை வைத்துக்கொள்வோம். கிழக்குக் கலீசியாவில் ஒரு கிராமத்தில் பிறந்தவர், போலிஷ் பேசுபவர், 1890களில் அமெரிக்கா வந்துவிட்டார். அவருடைய பிறந்த நாடு ஒவ்வொரு கணக்கெடுப்பிலும் எப்படி இருக்கும் பாருங்கள்.

1900: போலந்து (ஆஸ்.). போலந்து அப்போது தனி நாடு இல்லை என்பதால், யார் பிடியில் இருந்த போலந்து என்று கேட்டு எழுதச் சொல்லியிருந்தார்கள்.

1910: ஆஸ்திரியா-போலிஷ். தாய்மொழிக் கேள்வியைக் கடைசி நேரத்தில் சேர்த்ததால் தனிக் கட்டம் இல்லை. பிறந்த நாட்டுக் கட்டத்திலேயே மொழியையும் எழுதினார்கள்.

1920: கலீசியா, தாய்மொழி போலிஷ். போரால் எல்லைகள் கலைந்திருந்ததால் ஜெர்மனி, ஆஸ்திரியா-ஹங்கேரி, ரஷ்யா, துருக்கியில் பிறந்தவர்களிடம் மாகாணத்தையோ நகரத்தையோ கேட்டு எழுதச் சொன்னார்கள். ஊர்ப் பெயர் கிடைக்க வாய்ப்புள்ள கணக்கெடுப்பு இது. தவறவிடாதீர்கள்.

1930: போலந்து.

1940: போலந்து. இந்த முறை 1937 ஜனவரி 1 அன்று அந்த ஊர் எந்த நாட்டில் இருந்ததோ அதை எழுத வேண்டும் என்பது விதி.

இன்று மேப்பில் பார்த்தால் அந்தக் கிராமம் உக்ரைனில் இருக்கிறது!

ஒருவரும் பொய் சொல்லவில்லை. ஒவ்வொரு முறையும் விதி மாறியது, அவ்வளவுதான். எனவே ஒரு தாளைப் பார்த்துவிட்டு முடிவுக்கு வராதீர்கள். எல்லா வருடத் தாள்களையும் சேர்த்து வைத்துப் பாருங்கள்.

இன்னொன்று. பதில் சொன்னது யார் என்பதும் முக்கியம். 1940 தாளில் பதில் சொன்னவரின் பெயருக்குப் பக்கத்தில் வட்டத்துக்குள் ஒரு பெருக்கல் குறி இருக்கும். மருமகள் சொன்ன பதிலும் தாத்தாவே சொன்ன பதிலும் ஒன்றாகிவிடுமா?

கப்பல் பட்டியலும் 8086 சிப்பும்

நியூயார்க் துறைமுகத்தில் உள்ள எல்லிஸ் தீவில் 1892 ஜனவரி 1 முதல் 1954 வரை குடியேறிகளைச் சோதித்து அனுமதித்தார்கள். சுமார் 1 கோடியே 20 லட்சம் பேர் அந்த வாசல் வழியாக நுழைந்தார்கள். நியூயார்க்கில் இறங்கியவர்களின் கப்பல் பட்டியல்களை சுதந்திர தேவி சிலை-எல்லிஸ் தீவு அறக்கட்டளை 2001 ஏப்ரலில் இன்டர்நெட்டில் ஏற்றியது.

“எல்லிஸ் தீவு அதிகாரிகள் எங்கள் பெயரை மாற்றிவிட்டார்கள்” என்று பல குடும்பங்களில் ஒரு கதை உண்டு. அது நடந்ததற்கு ஆதாரம் இல்லை. பட்டியல் தயாரானது கப்பல் புறப்பட்ட துறைமுகத்தில். தீவில் இருந்தவர்கள் அதை வைத்துச் சரிபார்த்தார்கள். வந்து இறங்கிய பிறகு வேலைக்காகவும் வசதிக்காகவும் பெயரைச் சுருக்கிக்கொண்டவர்கள்தான் அதிகம். ஆகவே, பட்டியலில் தேடும்போது இன்றைய குடும்பப் பெயரைத் தேடாமல் பழைய நாட்டுப் பெயரைத் தேடுங்கள்.

பட்டியலில் என்ன இருக்கும் என்பது வருடத்தைப் பொறுத்தது. 1893 முதல் கடைசியாக வசித்த ஊர் இருக்கும். 1903 முதல் இனம் என்று ஒரு கட்டம் சேர்ந்தது. 1906 முதல் பிறந்த இடம். 1907 முதல் சொந்த நாட்டில் இருக்கும் நெருங்கிய உறவினரின் பெயரும் விலாசமும். இந்தக் கடைசிக் கட்டம் தங்கம்! நாட்டுப் பெயர் மாறலாம். ஆனால் அம்மா இருக்கும் கிராமத்தின் பெயரை யாரும் மறப்பதில்லை. ஒரு குறிப்பு: இந்த வருடங்களின் பட்டியல் இரண்டு பக்கத்துக்கு நீளும். திரையில் முதல் பக்கம் மட்டும் தெரியும். அடுத்த படத்தையும் க்ளிக் செய்து பாருங்கள். பலர் இதைக் கவனிக்காமல் பாதியோடு திரும்பிவிடுகிறார்கள்.

இங்கே கம்ப்யூட்டர் ரசிகர்களுக்கு ஒரு சுவையான செய்தி. இந்தப் பட்டியல்களை எளிதாகத் தேட ஸ்டீபன் மோர்ஸ் என்பவர் “ஒன் ஸ்டெப்” என்ற இலவச வெப் பக்கங்களை உருவாக்கினார். யார் இவர் தெரியுமா? 1978இல் வெளிவந்த இன்டெல் 8086 ப்ராசசரின் முதன்மை வடிவமைப்பாளர்! 286, 386, பென்டியம் என்று வளர்ந்த பரம்பரைக்கு அதுதான் மூத்த தாத்தா. சிப்புகளின் மூதாதையை உருவாக்கியவர் மனிதர்களின் மூதாதையரைத் தேடவும் வழி செய்து கொடுத்திருக்கிறார். இவருடைய பக்கத்தில் பெயரை மட்டுமல்ல, வயது, புறப்பட்ட துறைமுகம், ஊரின் பெயர் என்று பல கட்டங்களை நிரப்பித் தேடலாம். பெயரின் எழுத்து சரியாகத் தெரியாவிட்டாலும் ஒலியை வைத்துத் தேடலாம்.

ஒலியை வைத்து எப்படித் தேடுகிறது?

இதற்குப் பெயர் சவுண்டெக்ஸ். கம்ப்யூட்டர் வருவதற்கு முன்பே, 1918இல் ராபர்ட் ரஸ்ஸல் என்பவர் இதற்குக் காப்புரிமை வாங்கினார். பெயரின் முதல் எழுத்தை அப்படியே வைத்துக்கொள்ள வேண்டும். உயிரெழுத்துகளையும் எச், டபிள்யூ, ஒய் ஆகியவற்றையும் விட்டுவிட வேண்டும். மற்ற எழுத்துகளை ஒலி ஒற்றுமைப்படி 1 முதல் 6 வரை எண்ணாக மாற்ற வேண்டும். பி, எஃப், வி எல்லாம் 1. டி ஒலி உடைய இரண்டு எழுத்தும் 3. எம், என் இரண்டும் 5. இப்படி ஓர் எழுத்தும் மூன்று எண்களும் கிடைக்கும். எண் போதாவிட்டால் பூஜ்யம் சேர்க்க வேண்டும். ஸ்மித் என்ற பெயரை நடுவில் ஐ போட்டு எழுதினாலும் ஒய் போட்டு எழுதினாலும் எஸ் 530 என்றே வரும். ஆக, ஒன்றைத் தேடினால் மற்றதும் கிடைக்கும்.

ஆனால் இது ஆங்கிலப் பெயர்களை மனதில் வைத்துச் செய்தது. போலிஷ் பெயரான கோவால்ஸ்கியைப் பாருங்கள். நடுவில் டபிள்யூ போட்டால் கே 420. வி போட்டால் கே 142. ஒரே பெயர், இரண்டு எண்! போலந்துக்காரர்கள் டபிள்யூவை வி போலத்தான் உச்சரிப்பார்கள். அமெரிக்க குமாஸ்தா காதில் விழுந்தபடி எழுதியிருந்தால் உங்கள் தேடலில் தாத்தா சிக்க மாட்டார். இதைச் சரிசெய்ய 1985இல் டைட்ச்-மோகோடாஃப் என்ற வேறு முறை வந்தது. கிழக்கு ஐரோப்பியப் பெயர்களுக்கு அதையே தேர்ந்தெடுங்கள். மோர்ஸ் பக்கத்தில் அந்த வசதி உண்டு.

ஃபேமிலி சர்ச்சில் இன்னொரு வழி. தெரியாத ஓர் எழுத்துக்குப் பதிலாகக் கேள்விக்குறியும், பல எழுத்துகளுக்குப் பதிலாக நட்சத்திரக் குறியும் போட்டுத் தேடலாம்.

அரசனைக் கைவிட்ட காகிதம்

குடியேறியவர் அமெரிக்கக் குடிமகனாக மனுப் போட்டிருந்தால் அது அடுத்த தடயம். 1906 செப்டம்பர் 27க்கு முன் எந்த நீதிமன்றத்திலும் மனுப் போடலாம். விவரம் கொஞ்சமாகத்தான் இருக்கும். அதற்குப் பின் ஒரே மாதிரிப் படிவம் வந்தது. பிறந்த தேதி, பிறந்த ஊர், வந்த கப்பல் என எல்லாம் அதில் இருக்கும்.

பழைய காகிதத்தில் ஊர் இல்லாவிட்டாலும் ஒரு வரியைத் தேடுங்கள். எந்த அரசருக்கு இதுவரை விசுவாசமாக இருந்தாரோ அந்த விசுவாசத்தைக் கைவிடுவதாக அவர் உறுதி கூற வேண்டும். ஆஸ்திரியப் பேரரசரா, ரஷ்ய ஜாரா, பிரிட்டன் ராணியா என்று அங்கே தெரிந்துவிடும்.

பாட்டியின் காகிதத்தைத் தேடி அலைய வேண்டாம். 1922 வரை கணவன் குடிமகனானால் மனைவியும் தானாகக் குடிமகளாகிவிடுவாள். தனி மனு இருக்காது.

ராணுவப் பதிவு அட்டைகளும் உதவும். 1917-18இல் சுமார் 2 கோடியே 40 லட்சம் ஆண்கள் பதிவு செய்தார்கள். 1942 ஏப்ரலில் வயதான ஆண்களையும் பதிவு செய்யச் சொன்னார்கள். 1877 ஏப்ரல் 28 முதல் 1897 பிப்ரவரி 16 வரை பிறந்தவர்கள் அனைவரும் இதில் வருவார்கள். அமெரிக்கக் குடியுரிமை வாங்காதவர்களும் உண்டு. பிறந்த இடம் என்ற கட்டம் அட்டையில் இருக்கிறது.

மேப்பில் ஊரைப் பிடியுங்கள்

ஊர்ப் பெயர் கிடைத்ததும் மேப்பில் டைப் செய்து முதலில் வருவதை நம்பிவிடாதீர்கள். ஒரே பெயரில் பல ஊர்கள் இருக்கும். கலீசியா என்று தேடினால் ஸ்பெயினில் உள்ள கலீசியாவும் வரும். இரண்டுக்கும் சம்பந்தமே இல்லை. ஜார்ஜியா என்றால் நாடும் உண்டு, அமெரிக்க மாநிலமும் உண்டு.

தாளில் இருக்கும் மற்ற ஊர்களையும் கவனியுங்கள். அதே கப்பலில் பக்கத்து வரியில் இருப்பவர்கள் பெரும்பாலும் பக்கத்து ஊர்க்காரர்களாக இருப்பார்கள். அவர்கள் ஊர்களையும் மேப்பில் குறித்தால் நம் ஊர் எந்தப் பக்கம் என்று புரிந்துவிடும். மதமும் உதவும். கலீசியாவில் போலிஷ் மக்கள் பொதுவாக ரோமன் கத்தோலிக்கர், உக்ரேனியர்கள் பொதுவாக கிரேக்கக் கத்தோலிக்கர். அமெரிக்காவில் தாத்தா எந்தச் சர்ச்சுக்குப் போனார் என்று பார்த்தாலே பாதி விடை கிடைக்கும்.

எக்செல் செய்யும் குறும்பு

கிடைத்ததை எல்லாம் ஓர் அட்டவணையில் போடுங்கள். ஆவணம், வருடம், பெயர் எழுதியிருக்கும் விதம், பிறந்த நாடு, ஊர், மொழி, பதில் சொன்னவர் என்று கட்டங்கள் போதும். எக்செல் அல்லது இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸ் எதுவும் சரி.

எக்செல்லில் ஒரு சிக்கல் உண்டு. அதன் காலண்டர் 1900 ஜனவரி 1இல்தான் தொடங்குகிறது. அதற்கு முந்தைய தேதியை டைப் செய்தால் தேதியாக எடுத்துக்கொள்ளாது, வெறும் எழுத்தாக வைத்துக்கொள்ளும். வரிசைப்படுத்தினால் தாறுமாறாக வரும். தாத்தா பிறந்தது 1880 என்றால் என்ன செய்வது? வருடம், மாதம், நாள் என்று மூன்று தனிக் கட்டங்களில் போட்டுவிடுங்கள். பிரச்சினை தீர்ந்தது.

வம்ச மரம் வரைய கிராம்ப்ஸ் என்ற இலவச சாஃப்ட்வேர் இருக்கிறது. விண்டோஸ், லினக்ஸ், மேக் எல்லாவற்றிலும் ஓடும். ஒவ்வொரு தகவலையும் எந்த ஆவணத்திலிருந்து எடுத்தோம் என்றும் பதிந்து வைக்கலாம். ஒரு சாஃப்ட்வேரிலிருந்து இன்னொன்றுக்கு மாற்ற ஜெட்காம் என்ற ஃபைல் வகை 1984 முதல் புழக்கத்தில் இருக்கிறது. அந்த ஃபைலை நோட்பேடில் திறந்து பாருங்கள். 0, 1, 2 என்று எண் போட்ட எளிய வரிகள்தான் இருக்கும்.

பேக்கப் எடுக்க மறக்காதீர்கள். பென் டிரைவில் ஒரு பிரதி, வேறு ஊரில் இருக்கும் உறவினரிடம் ஒரு பிரதி.

நம்மவர்கள் கதை

இதெல்லாம் அமெரிக்கர்களுக்குத்தானே என்று நினைக்காதீர்கள். 1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து போன ட்ரூரோ என்ற கப்பல் தென்னாப்பிரிக்காவின் டர்பனில் நங்கூரம் பாய்ச்சியது. கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தக் கூலிகளாகப் போனவர்களின் முதல் கப்பல் அது. 1911 வரை ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டோர் போனார்கள். பாதிக்கும் மேற்பட்டோர் சென்னைத் துறைமுகம் வழியாக.

அந்தக் கப்பல் பட்டியல்களில் பெயர், தந்தை பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம் எல்லாம் உண்டு. ஆனால் ஆங்கிலத்தில், காதில் விழுந்தபடி. ஊர்ப் பெயரை மனதுக்குள் படிக்காமல் வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். தமிழ்க் காதுக்குத்தான் அது பிடிபடும்.

இங்கேயும் அதே எல்லைப் பிரச்சினை. பட்டியலில் வட ஆற்காடு ஜில்லா என்று இருந்தால் தாத்தா தமிழ்நாடா, ஆந்திராவா? 1911இல் அந்த ஜில்லாவின் ஒரு பகுதியைப் பிரித்துச் சேர்த்து சித்தூர் ஜில்லாவை உருவாக்கினார்கள். 1953இல் சித்தூர் ஆந்திராவுக்குப் போனது. 1960இல் அதிலிருந்து திருத்தணி சென்னை மாநிலத்துக்குத் திரும்பி வந்தது. ஜில்லாவை வைத்துச் சொல்ல முடியாது. தாலுகாவையும் கிராமத்தையும் பார்த்தால்தான் விடை. மெட்ராஸ் என்று மட்டும் இருந்தால் அது கப்பல் ஏறிய துறைமுகமாக இருக்கலாம், சொந்த ஊராக இருக்க வேண்டியதில்லை.

காகிதம் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு இலங்கை மலையகத் தமிழர்களே சாட்சி. 1948ஆம் வருடக் குடியுரிமைச் சட்டம், தந்தை இலங்கையில் பிறந்தவர் என்றோ, பாட்டனும் பூட்டனும் அங்கே பிறந்தவர்கள் என்றோ நிரூபிக்கச் சொன்னது. தேயிலைத் தோட்ட லயங்களில் பிறந்தவர்களிடம் பதிவுச் சான்று எங்கே இருக்கும்? லட்சக்கணக்கானோர் எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாதவர்கள் ஆனார்கள். 1964 ஒப்பந்தத்தில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பங்கு பிரித்தார்கள். எஞ்சியிருந்தவர்களுக்கு 2003இல் வந்த சட்டத்தால்தான் இலங்கைக் குடியுரிமை கிடைத்தது. பூட்டன் பிறந்த ஊர் பற்றிய ஒரு துண்டுக் காகிதம் ஒரு குடும்பத்தின் தலையெழுத்தையே மாற்றியிருக்கும்.

இன்றும் அப்படித்தான். அயர்லாந்தில் பிறந்த தாத்தாவோ பாட்டியோ இருந்தால் பேரன் அந்த நாட்டுக் குடியுரிமை பெறலாம். செக்கோஸ்லோவாக்கியக் குடிமக்களாக இருந்து, இன்றைய ஸ்லோவாக்கியா மண்ணில் பிறந்தவர்களின் கொள்ளுப் பேரன் வரை 2022 முதல் ஸ்லோவாக்கியா வாய்ப்புத் தருகிறது. நம் நாட்டின் ஓசிஐ அட்டைக்கும் மூதாதை இந்தியர் என்ற ஆவணம் வேண்டும்.

சில எச்சரிக்கைகள்

இன்டர்நெட்டில் யாரோ போட்ட வம்ச மரத்தை அப்படியே காப்பி செய்யாதீர்கள். ஒருவர் செய்த தப்பு ஐம்பது மரங்களில் காய்த்துத் தொங்கும். மூல ஆவணத்தின் படத்தைக் கண்ணால் பார்த்த பிறகே நம்புங்கள்.

உயிரோடு இருப்பவர்களின் பிறந்த தேதி, அம்மாவின் பிறந்த வீட்டுப் பெயர் ஆகியவற்றை வெளியே போடாதீர்கள். பாங்க் கணக்கில் பாதுகாப்புக் கேள்வியாக இருப்பது அவைதான்.

டிஎன்ஏ சோதனை செய்தால் நாடு தெரிந்துவிடும் என்று விளம்பரம் பார்த்திருப்பீர்கள். உறவினரைக் கண்டுபிடிக்க அது உதவும். ஆனால் ரத்தத்தில் எல்லைக்கோடு இல்லை. ஆஸ்திரியாவா போலந்தா என்று அது சொல்லாது.

பணம் கட்டச் சொல்லும் வெப்சைட்களில் சேரும் முன், அதே ஆவணம் இலவசமாக வேறு இடத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். இலவச மாதம் என்று கார்டு எண்ணைக் கொடுத்தால், எந்தத் தேதிக்குள் ரத்து செய்ய வேண்டும் என்று காலண்டரில் குறித்து வையுங்கள்.

இன்று செய்ய வேண்டியது இவ்வளவுதான். கம்ப்யூட்டரில் ஒரு புதிய ஃபோல்டர் திறங்கள். அதற்குத் தாத்தாவின் பெயரை வையுங்கள். வீட்டில் இருக்கும் ஒரே ஒரு பழைய காகிதத்தையாவது ஸ்கேன் செய்து அதில் போடுங்கள். நாளைக்கு உங்கள் பேரன் எந்த ஊரில் இருப்பானோ, எந்த நாட்டில் இருப்பானோ! அவன் தேடும்போது அவனுக்கு ஒரு ஊர்ப் பெயராவது கிடைக்கட்டும்.